ஹெலிகாப்டரைத் தலைகீழாப் பறக்கவிடக் கத்துக்க எவ்வளவு ஆகும்? என் கணக்கு நோட்டைத் திறக்கிறேன்



போன வாரம் நம்ம சேனல்ல போட்ட வீடியோவோட கடைசியில, ஒரு சின்ன ஹெலிகாப்டர் தலைகீழா நின்னுட்டு இருந்ததைப் பார்த்திருப்பீங்க. மியூச்சுவல் ஃபண்டைப் பத்திக் கேட்டவங்களை விட, "அண்ணா, அது என்ன ஹெலிகாப்டர், என்ன விலை?"ன்னு கேட்டவங்கதான் அதிகம். விலையை மட்டும் சொல்லிட்டுப் போனா நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னதா ஆகும். இந்த விஷயத்துல பாதி மட்டும் சொல்லி நான் ஏற்கெனவே ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதனால முழுக் கணக்கையும் இந்தப் பதிவுல எழுதிடுறேன்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

ரிமோட்ல பறக்கும் ஹெலிகாப்டர் ஒண்ணும் புதுசு இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர்தான் இதுக்குத் தந்தைன்னு சொல்வாங்க. 1970-ஐ ஒட்டிய வருஷங்கள்ல, கட்டுப்பாட்டுக்குள்ள ஒழுங்காப் பறக்கிற மாடல் ஹெலிகாப்டரை உருவாக்கினவர் அவர். அப்போ ஒரே இடத்துல அசையாம நிக்க வைக்கிறதே பெரிய சாதனை. பிறகு அமெரிக்காவோட கர்ட்டிஸ் யங்பிளட் மாதிரி ஆட்கள் வந்து குட்டிக்கரணம், தலைகீழ், பின்பக்கமாப் பறக்கிறதுன்னு எல்லாத்தையும் கலந்து ஆட ஆரம்பிச்சாங்க. அதைத்தான் இப்போ '3டி பறத்தல்'னு சொல்றாங்க. சர்வதேசப் போட்டிகள்ல இதுக்கு எஃப்3என்னு தனிப் பிரிவே இருக்கு. பாட்டு போட்டு, அந்தத் தாளத்துக்கு ஹெலிகாப்டரை ஆட வைக்கிற சுற்றும் அதுல உண்டு.

நிஜ ஹெலிகாப்டரால செய்ய முடியாததை இது எப்படிச் செய்யுது? விஷயம் இறக்கையோட கோணத்துல இருக்கு. இதுக்கு 'கலெக்டிவ் பிட்ச்'னு பேர். இடது கைக் குச்சியை நடுவுக்கு மேல தள்ளினா இறக்கை ஒரு பக்கம் சாய்ஞ்சு காத்தைக் கீழே தள்ளும், ஹெலி மேல போகும். நடுவுக்குக் கீழே இழுத்தா இறக்கை எதிர்ப்பக்கம் சாயும். அந்த நேரத்துல ஹெலி தலைகீழா இருந்தா, அதே விசை அதை அந்தரத்துல தாங்கிப் பிடிக்கும். மோட்டாரோட வேகம் மாறாது, கோணம் மட்டும்தான் மாறும். கடையில 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிற பொம்மை ஹெலிகாப்டர்ல இறக்கையோட கோணம் மாறாது. அதுல எத்தனை வருஷம் பழகினாலும் இந்த வித்தை வராது.

நான் செஞ்ச தப்பு

நாலு வருஷம் முன்னாடி, ராத்திரி 11 மணிக்கு ஒரு மூணு நிமிஷ வீடியோ பார்த்தேன். ஒரு பையன், புல்லுக்கு ஒரு அடி மேல ஹெலியைத் தலைகீழா வச்சுச் சுத்திச் சுத்தி ஆட விடுறான். முகத்துல ஒரு பதட்டம் இல்லை. "நமக்கும் வரும்"னு தோணிச்சு.

மறுவாரமே ஒரு கடையில 500 சைஸ் ஹெலி, ரிமோட், சார்ஜர், ரெண்டு பேட்டரின்னு எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். கையில காசு இல்லை. கிரெடிட் கார்டுல போட்டு, 15% வட்டியில 12 மாச இ.எம்.ஐ.யா மாத்தினேன். மாசம் 10,831 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 9,970, அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. வேற. ஊருக்கெல்லாம் "ஆசைக்குக் கடன் வாங்காதீங்க"ன்னு சொல்ற அதே ஆள்தான் நான்.

வீட்ல மனைவிகிட்ட சொன்ன விலை: 40,000.

பொள்ளாச்சி பக்கம் ஒரு நண்பரோட அறுவடை முடிஞ்ச காட்டுல பறக்க விட்டேன். ரெண்டாவது ஞாயிறு, ஒன்பதாவது தடவை. ஹெலி என்னைப் பார்த்துத் திரும்பிச்சு. இங்கதான் எல்லோரும் மாட்டுவாங்க. வால் உங்க பக்கம் இருக்கும்போது வலதுக்குத் தள்ளினா ஹெலி வலதுக்குப் போகும். மூக்கு உங்க பக்கம் திரும்பிட்டா, வலதுக்குத் தள்ளினா உங்க கண்ணுக்கு இடதுக்குப் போகும். மூளை ஒரு நொடி திணறும். அந்த ஒரு நொடியில அது மண்ணுல விழுந்துடுச்சு.

அன்னிக்கு வந்த பில்லு இது:

- மெயின் பிளேடு ஜோடி: 4,200
- மெயின் ஷாஃப்ட்: 700
- ஸ்பிண்டில்: 600
- வால் குழாய், அதைத் தாங்குற கம்பிகள்: 1,500
- மெயின் கியர்: 900
- வால் பிளேடு: 500
- ஒரு செர்வோ: 3,200
- மேல்மூடி, கால்: 3,000

மொத்தம் 14,600 ரூபாய். அதோட நிறுத்தலை. நாலு மாசத்துல இன்னும் ரெண்டு தடவை விழுந்துச்சு. ஒண்ணு 9,200, இன்னொண்ணு 17,900. மூணு விபத்துக்கும் சேர்த்து 41,700. இ.எம்.ஐ. ஒரு பக்கம் ஓடுது. இந்தக் காசை எங்கிருந்து எடுத்தேன்னு நினைக்கிறீங்க? எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து. "அடுத்த மாசம் திருப்பிப் போட்டுடலாம்"னு ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அஞ்சாவது மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ராத்திரி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். முன்பணம் 50,000 கட்டச் சொன்னாங்க. அந்த அக்கவுண்ட்ல இருந்தது 18,000. கார்டுல லிமிட் இல்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு மச்சானுக்குப் போன் பண்ணிக் கடன் கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்காம அனுப்பினார். அப்பா நாலு நாள்ல வீட்டுக்கு வந்துட்டார், நல்லா இருக்கார். ஆனா அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுட்டு இருந்தது இன்னும் மறக்கலை.

கார்டு ஸ்டேட்மென்ட் மனைவி கையில மாட்டினது அதுக்கு அடுத்த வாரம். சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். போடலை. "விலை பெருசுன்னு எனக்குக் கோவம் இல்லைங்க. எங்கிட்ட பாதிதானே சொன்னீங்க, அதுதான்"னு சொல்லிட்டு சமையலறைக்குள்ள போயிட்டாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

ஹெலியைப் பரண் மேல ஏத்தினேன்

அந்தக் காட்டுக்குப் பக்கத்துல பறக்க விட வர்ற ஒரு அண்ணன் இருக்கார். கோயமுத்தூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார், வயசு அறுபதுக்கு மேல. நான் விழறதை மூணு தடவையும் பார்த்தவர். அவர்தான் சொன்னார்: "தம்பி, மண்ணுல விழறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல நூறு தடவை விழுந்துட்டு வாங்க. அதுக்குப் பில்லு வராதுங்க."

சிமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. உங்க நிஜ ரிமோட்டையே கம்ப்யூட்டர்ல இணைச்சுப் பழகலாம். அதே குச்சிகள், அதே ஹெலி, விழுந்தா ஒரு பொத்தானை அழுத்தினா மறுபடி எழுந்து நிக்கும். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ்னு சில இருக்கு. எனக்கு மென்பொருளும் இணைப்புக் கருவியும் சேர்த்து 5,500 ரூபாய் ஆச்சு. என் முதல் விபத்தோட பில்லுல பாதி கூட இல்லை. இந்த 5,500-ஐ முதல்லயே செலவு பண்ணியிருந்தா அந்த 41,700-ல பெரும்பகுதி மிச்சம்.

எட்டு மாசம், தினம் அரை மணி நேரம். கிட்டத்தட்ட 120 மணி நேரம். எந்த வரிசையில பழகினேன்னு கேட்டீங்கன்னா, இதுதான்:

படி 1: நாலு பக்கமும் நிறுத்துறது. வால் நம்ம பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம், மூக்கு நம்ம பக்கம். எல்லாரும் இதை "போர்"னு தாண்டிடுவாங்க. பின்னாடி வர்ற அத்தனை வித்தையும் இதுக்கு மேலதான் நிக்குது.

படி 2: எட்டு போடுறது. மெதுவா, ஒரே உயரத்துல, ரெண்டு பக்கமும்.

படி 3: லூப், ரோல், ஸ்டால் டர்ன். ஓடுற வேகத்துல செய்யறது, அதனால பார்க்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை.

படி 4: ஃப்ளிப், தலைகீழ் நிறுத்தம். நின்ன இடத்துலயே குட்டிக்கரணம். நேரா இருக்கும்போது குச்சி நடுவுக்குக் கொஞ்சம் மேல, ஹெலி செங்குத்தா நிக்கும்போது சரியா நடுவுல, தலைகீழ் ஆகும்போது நடுவுக்குக் கொஞ்சம் கீழே. செங்குத்தா நிக்கும்போது குச்சி நடுவுல இல்லைன்னா ஹெலி பக்கவாட்டுல ஓடிடும். இன்னொண்ணு, ரிமோட்ல 'ஐடில் அப்' சுவிட்ச் போடாம இதைச் செய்யாதீங்க. சாதாரண மோடுல குச்சியைக் கீழே இழுத்தா மோட்டாரே நின்னுடும்.

தலைகீழா நிக்கும்போது, வால் நம்ம பக்கம் இருந்தா, வலது இடது சாய்க்கிறது மட்டும் மாறாது. முன்னாடி பின்னாடி, வால் திருப்புறது, மேலே கீழே, இந்த மூணும் மாறிடும். "எல்லாமே தலைகீழ்"னு மனப்பாடம் பண்ணிட்டுப் போனா அந்த மாறாத ஒண்ணுலதான் விழுவீங்க. நான் சிமுலேட்டர்ல விழுந்த பாதி தடவை அப்படித்தான்.

படி 5: பின்பக்கமாப் பறக்கிறது, ஃபனல். புனல் வடிவத்துல சாய்ஞ்சபடி பக்கவாட்டுல வட்டம் போடுறது.

படி 6: டிக்-டாக், பைரோ ஃப்ளிப். டிக்-டாக்னா கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஹெலி செங்குத்தா நின்னு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலெக்டிவை மேலிருந்து கீழே மாத்தணும். ஓவரா மாத்தினா மோட்டார் திணறி இறக்கை வேகம் குறைஞ்சிடும், ஹெலி அப்படியே இறங்கிடும். பைரோ ஃப்ளிப்னா வாலைச் சுத்திக்கிட்டே குட்டிக்கரணம் போடுறது. வால் சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி வலது குச்சியையும் வட்டமாச் சுத்தணும். நான் இன்னும் இங்கதான் நிக்கிறேன். நிஜ ஹெலியில பைரோ ஃப்ளிப் இதுவரைக்கும் போட்டதில்லை.

ஒரு விதி வச்சுக்கிட்டேன். சிமுலேட்டர்ல ஒரு வித்தையைத் தொடர்ந்து 20 தடவை விழாம செஞ்சாத்தான் அது காட்டுக்கு வரும். 19-வது தடவை விழுந்தா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்.

ரெண்டு சுவிட்ச், ஒரு கடைசி மூச்சு

ரிமோட்ல 'த்ராட்டில் ஹோல்ட்'னு ஒரு சுவிட்ச் இருக்கும். தட்டினா மோட்டார் நின்னுடும். ஹெலி விழப்போகுதுன்னு தெரிஞ்சதும் மண்ணைத் தொடுறதுக்கு முன்னாடி இதைத் தட்டிட்டா, இறக்கையை மோட்டார் தொடர்ந்து மண்ணுல போட்டு அடிக்காது. கியர், ஷாஃப்ட், செர்வோ நிறைய தப்பிக்கும். என் முதல் மூணு விபத்துலயும் நான் அதைத் தட்டலை. "காப்பாத்திடலாம்"னு கடைசி வரைக்கும் குச்சியோட மல்லுக்கட்டினேன்.

ஷேர் மார்க்கெட்ல இருக்கிறவங்களுக்கு இந்த வியாதி நல்லாத் தெரியும். 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வுல, 2021-22 முதல் 2023-24 வரைக்கும் எஃப் அண்டு ஓ-வுல இறங்கின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம்னு சொன்னாங்க. அவங்கள்ல எத்தனை பேர் ஒரு மூணு நிமிஷ வீடியோ பார்த்துட்டு இறங்கினாங்களோ! விழப்போகுதுன்னு தெரிஞ்சா சுவிட்சைத் தட்டுறதும் பழகி வர்றதுதான். நான் சிமுலேட்டர்ல அதைத் தனியாப் பழகினேன். விழற ஒவ்வொரு தடவையும் ஹோல்ட் தட்டினேனான்னு பார்த்தேன்.

ரெண்டாவது 'ரெஸ்க்யூ'. பழைய ஹெலிகள்ல இறக்கைக்குக் குறுக்கே எடை வச்ச ஒரு கம்பி இருக்கும், அதுதான் நிலைநிறுத்தும். இப்போ அந்த வேலையைச் சென்சார் உள்ள சின்னப் பெட்டி பார்க்குது. சிலதுல ஒரு சுவிட்ச் தட்டினா ஹெலியை அதுவே நிமிர்த்தி மேலே தூக்கிடும். புதுசாக் கத்துக்கிறவங்க இது இருக்கிற மாடலாப் பார்த்து வாங்குங்க. போதுமான உயரம் இருந்தாத்தான் இது வேலை செய்யும், அதை மறந்துடாதீங்க.

அப்புறம் ஆட்டோரொட்டேஷன். மோட்டார் நின்னு போச்சுன்னா, இறக்கைக் கோணத்தை எதிர்ப்பக்கம் வச்சு இறங்க விடணும். கீழிருந்து வர்ற காத்தே இறக்கையைச் சுத்திக்கிட்டே இருக்கும். தரைக்குக் கொஞ்சம் மேல, அந்தச் சேமிச்ச சுழற்சியை ஒரே தடவையாச் செலவு பண்ணி மெத்துனு இறக்கணும். ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. மேலே இருக்கும்போதே அந்தச் சுழற்சியைத் தின்னுட்டா, தரைக்கு வரும்போது கையில ஒண்ணும் இருக்காது. அந்த ஆஸ்பத்திரி ராத்திரி என்கிட்ட 18,000 இருந்த மாதிரி.

உயிர் விஷயம்

700 சைஸ் ஹெலியோட இறக்கை வட்டம் ஏறக்குறைய 1.58 மீட்டர். நிமிஷத்துக்கு 2,000 சுத்துன்னு வச்சுக்கிட்டா, இறக்கை நுனியோட வேகம் மணிக்கு 595 கிலோமீட்டர் பக்கம் வரும். 2013 செப்டம்பர்ல நியூயார்க்கோட புரூக்ளின் பகுதியில ஒரு பார்க்ல, நல்லாப் பழகின 19 வயசுப் பையன் ஒருத்தர் தன்னோட ஹெலியே தாக்கி இறந்து போனார். இது பொம்மை இல்லைன்னு வீட்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க. தெருவுல, மொட்டை மாடியில, ஆள் நடமாடுற மைதானத்துல வேண்டவே வேண்டாம்.

பேட்டரியும் அப்படித்தான். லிப்போ பேட்டரியை ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட் பக்கம் வச்சிருக்கணும். உப்பிப் போனதைத் திரும்ப சார்ஜ் போடாதீங்க. சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. வெயில்ல நிக்கிற கார்லயும் விட்டுட்டுப் போகாதீங்க.

சட்டமும் இருக்கு. 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களையும் கணக்குல எடுக்குது. விமான நிலையம் பக்கத்துல, தடை செஞ்ச பகுதியில பறக்க விடக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு பார்த்துட்டுப் போங்க. 250 கிராமுக்கு மேல இருந்தா மூன்றாம் நபர் காப்பீட்டையும் கவனிங்க. 2022 பிப்ரவரியில முழு ட்ரோன்களோட இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது, உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால வெளிநாட்டு இணையதளத்துல விலை கம்மின்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல நிக்குமான்னு விசாரிச்சுக்கோங்க. அங்க மாட்டினா அந்தக் காசும் போச்சு.

இப்போ என் கணக்கு

இ.எம்.ஐ. முடிஞ்சது, மச்சான் கடனைத் திருப்பிக் கொடுத்தேன், எமர்ஜென்சி ஃபண்டை ஆறு மாசச் செலவு அளவுக்குத் திரும்ப நிரப்பினேன். அதுக்கு அப்புறம்தான் பரண்ல இருந்து ஹெலியை இறக்கினேன், விக்கிறதுக்காக. ரிமோட், சார்ஜரை வச்சுக்கிட்டு ஹெலியை 42,000-க்குக் கொடுத்தேன். இறக்கை வட்டம் 40 சென்டிமீட்டர் பக்கம் வர்ற சின்ன ஹெலி ஒண்ணு 36,000-க்கு வாங்கினேன். வித்தை எல்லாம் இதுலயும் வரும். விழுந்தா பில்லு பெரும்பாலும் 800-ல இருந்து 2,000-க்குள்ள முடிஞ்சிடும்.

மாசம் 2,500 ரூபாய் தனி அக்கவுண்டுக்குப் போகும். வருஷத்துக்கு 30,000. போன வருஷச் செலவு:

- பேட்டரி மூணு: 5,700
- ஏழு விபத்து: 9,800
- பிளேடு, சில்லறைப் பாகம்: 2,300
- காட்டுக்குப் போய்வர பெட்ரோல்: 6,200

மொத்தம் 24,000. மிச்சம் 6,000. அந்த அக்கவுண்ட் காலியானா அந்த மாசம் சிமுலேட்டர் மட்டும்தான்.

நீங்க ஆரம்பிக்கணும்னா நான் சொல்றது அஞ்சே விஷயம்:

1. எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்சூரன்ஸும் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இப்போதைக்கு வேண்டாம்.
2. முதல்ல ரிமோட்டும் சிமுலேட்டரும் மட்டும் வாங்குங்க. மூணு மாசத்துல ஆசை போயிடுச்சுன்னா ரிமோட்டை வித்துடலாம், நஷ்டம் சின்னது.
3. ஹெலி விலை எவ்வளவோ, அதே அளவு காசு பழுதுக்கும் பேட்டரிக்கும் தனியா இருக்கணும். ரெண்டும் சேர்ந்ததுதான் நிஜ விலை.
4. இ.எம்.ஐ. வேண்டாம். விழுந்து நொறுங்கின பொருளுக்கு மாசாமாசம் தவணை கட்டுறது ரொம்பக் கொடுமைங்க.
5. வீட்ல முழு விலையைச் சொல்லுங்க.

போன மாசம் ஒரு ஞாயிறு காலையில முதல் தடவையா நிஜ ஹெலியைத் தலைகீழா நிறுத்தினேன். மனைவி ஃப்ளாஸ்க்ல டீயோட வரப்புல உட்கார்ந்திருந்தாங்க. பொண்ணு சத்தமா எண்ணினா. பத்து வரைக்கும் நின்னுச்சு, நிமிர்த்தி இறக்கினேன். கை நடுங்கிச்சு. காயில் கடை அண்ணன், "பரவாயில்லீங்க தம்பி, பழகிட்டீங்க"ன்னார். மனைவி கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இப்போ விழுந்திருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்?"

"1,800"னு சொன்னேன். அது முழுத் தொகைதான்.

நீங்க கேட்ட அந்த வீடியோ க்ளிப் அன்னிக்கு எடுத்ததுதான். பத்து நொடி. அதுக்குப் பின்னாடி நாலு வருஷமும் மேலே எழுதின கணக்கும் இருக்கு. உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு ஆசை இருந்தா, அது கேமராவோ, புல்லட்டோ, டிரம்ஸோ, வாங்குறதுக்கு முன்னாடி அதோட 'விழுந்தா ஆகுற செலவை' ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. எழுதினதை வீட்லயும் காட்டுங்க.